மீன் தொட்டிக்கு ஒரு ஜன்னல் வலை

"தண்ணி சுத்தமா இருந்தா மீன் குதிக்காதுக்கா." மீன் விற்கிற கடைகளில் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும்.

எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடித்தது மாமியார். விளக்குமாற்றில் என்னவோ தட்டுப்படுகிறதே என்று குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நெத்திலிக் கருவாடு எப்படி ஹாலுக்கு வந்துச்சு?" என்றார். அது ஜீப்ரா மீன். உடனே டெஸ்ட் கிட்டை எடுத்துத் தண்ணீரைச் சோதித்தேன். மீன் கழிவால் சேரும் விஷங்களான அமோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. மற்ற மீன்கள் எல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரி சாப்பாட்டுக்கு மேலே வந்து நின்றன. தண்ணீர் மேல் பழி போட வழியில்லை.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். சுமார் 130 லிட்டர் பிடிக்கும். மேலே சட்டமோ பிளாஸ்டிக் ஹூடோ கிடையாது. இப்போது பலரும் இப்படித்தான் வைக்கிறார்கள். இந்த மோகத்துக்குப் பெரிய காரணம் ஜப்பானின் தகாஷி அமானோ. 1982-இல் ஏடிஏ (அக்வா டிசைன் அமானோ) நிறுவனத்தைத் தொடங்கி, விளிம்புச் சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டி, மேலே தொங்கும் விளக்கு, உள்ளே ஒரு காடு என்று காட்டினவர். 2015-இல் காலமானார். அதே ஆண்டு போர்ச்சுகலில் லிஸ்பன் மீன்காட்சியகத்தில் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த மாதிரி தொட்டிகளில் பெரும்பாலும் இருப்பவை நியான் டெட்ரா போலக் கூட்டமாக நடுத்தண்ணீரில் நீந்தும் மீன்கள். நாம் தொட்டியின் அழகை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, மீனைச் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கி விடுகிறோம். சிக்கல் அங்கேதான்.

மீன் ஏன் குதிக்கிறது? தண்ணீர் கெட்டால் குதிக்கும், சந்தேகமே இல்லை. அமோனியா ஏறினாலும், குளோரின் போகாத தண்ணீரைக் குழாயிலிருந்து அப்படியே பிடித்து ஊற்றினாலும் செவுள் எரியும். மீன் எங்கேயாவது தப்பிக்கப் பார்க்கும். வெயில் காலத்தில் ஆக்சிஜன் குறையும்; 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரைகிற ஆக்சிஜன் 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் இந்த மாதிரிக் காரணம் என்றால் ஒரு மீனோடு நிற்காது. எல்லாமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், இல்லையென்றால் மொத்தக் கூட்டமும் தறிகெட்டு ஓடும். ஒரே ஒரு மீன் மட்டும் திரும்பத் திரும்பத் துள்ளுகிறது என்றால் அதைத் துரத்துகிற இன்னொரு மீன் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே யார் என்று தெரிந்துவிடும்.

இது இரண்டும் இல்லாமல் மூன்றாவது ஒன்று உண்டு. அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. மீனின் பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய நரம்புச் செல்கள் இருக்கின்றன. மாத்னர் செல்கள் என்று பெயர். கதவு படாரென்று சாத்தினாலோ, மேலே நிழல் விழுந்தாலோ, எந்தப் பக்கத்துச் செல் முந்திக்கொள்கிறதோ அது உடம்பின் எதிர்ப்பக்கத் தசையைச் சுண்டி இழுக்கும். நூறில் ஒரு நொடி அளவில் உடம்பு வில்லாக வளைந்துவிடும், அடுத்த கணம் மீன் அந்த இடத்தில் இருக்காது. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. ஆற்றிலும் குளத்திலும் இந்தத் தாவல்தான் அதைக் கொக்கிடமிருந்து காப்பாற்றுகிறது. நாலடி தள்ளிப் போய் விழுந்தாலும் அங்கேயும் தண்ணீர்தான். ஒன்றேகால் அடி அகலத் தொட்டியில் நாலடி தள்ளி இருப்பது டைல்ஸ்.

அதனால்தான் 'தண்ணீர் நன்றாக இருந்தால் குதிக்காது' என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மீனைப் பொறுத்தது. ஹாட்செட் மீனைப் பாருங்கள். தென் அமெரிக்கச் சிற்றோடைகளில் மேல்மட்டத்திலேயே இருக்கும். நெஞ்சு முழுக்கத் துடுப்பை இயக்கும் தசை. அதனால்தான் அந்த வயிறு கோடரி வடிவத்தில் இருக்கிறது. அது எகிறுவதற்கென்றே செய்யப்பட்ட உடம்பு. வெள்ளி அரோவானா அமேசானில் வெள்ளம் ஏறிய காடுகளில் கிளையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியைத் தண்ணீருக்கு வெளியே எகிறிப் பிடிக்கும் மீன். அதை 'வாஸ்து மீன்' என்று வாங்கி வந்து ஹாலில் வைத்துவிட்டு, மேலே பல்லி ஓடும்போது அது சும்மா இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்! மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வேகத் தண்ணீரில் வாழும் மிஸ் கேரளாவும் நன்றாகக் குதிக்கும். கில்லி மீன்கள் சின்ன ஓட்டையாகத் தேடிப் போகும். ஃபைட்டரும் குதிக்கும், ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் தனியாக இருக்கிற மீன் எங்கே போகப்போகிறது என்று நினைப்பவர்கள் அதிகம்.

ஆரல் குதிக்காது, ஏறும். ஃபில்டர் குழாயைச் சுற்றிக்கொண்டு ராத்திரியில் மெதுவாக மேலே வந்து, விரல் நுழையாத இடைவெளியில் நழுவிப் போய்விடும். வண்ண ஆரல் வாங்குகிறவர்களிடம் கடைக்காரர்கள் இதை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

எங்கள் அப்பாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஊர் மயிலாடுதுறைப் பக்கம். உயிர் விரால் வாங்கி வந்தால் அண்டாவில் தண்ணீர் ஊற்றி விட்டுவிட்டு, முறத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைப்பார். வெறும் முறம் நிற்காது, விரால் தள்ளிவிடும். இப்போது விரால் வளர்க்கிற விவசாயிகளும் தொட்டியைச் சுற்றியும் மேலேயும் வலை கட்டித்தான் வளர்க்கிறார்கள். விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் காற்றிலிருந்தே மூச்சு வாங்க முடியும் என்பதால் வெளியே வந்தாலும் உடனே சாகாது, அடுத்த வாய்க்காலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும். ஐப்பசி மழையில் வரப்பைத் தாண்டிப் போகிற பனையேறியை நானே பார்த்திருக்கிறேன். 1791-இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளத்தோரப் பனை மரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி மேலே ஏறிக்கொண்டிருந்த பனையேறியைப் பிடித்ததாக எழுதினார். அது 1797-இல் லண்டனில் லின்னேயன் சங்க வெளியீட்டில் வந்தது. காக்கையோ பருந்தோ தூக்கிப் போய் மரத்தில் போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அது எப்படியோ போகட்டும். முறமும் குழவியும் வைத்த அப்பாவுக்குத் தெரிந்தது, ஆயிரக்கணக்கில் செலவு செய்து தொட்டி வைக்கிற நமக்குத் தெரியவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் எல்லோரும் சொல்வது, தண்ணீர் மட்டத்தைக் குறை. மூன்று அங்குலம் குறைத்தேன் என்று வையுங்கள், பதினைந்து அங்குல உயரத் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் போச்சு. 26 லிட்டர். போதாக்குறைக்கு, தொங்கும் ஃபில்டரிலிருந்து விழும் தண்ணீர் ராத்திரி முழுக்கச் சளசளவென்று கேட்கும். இவ்வளவும் செய்தாலும் ஜீப்ராவுக்கு மூன்று அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. கோல்ட் ஃபிஷ், ஏஞ்சல் வைத்திருப்பவர்களுக்கு இது போதும்.

அடுத்தது மிதக்கும் செடி. ஆகாயத்தாமரை, சால்வினியா. இது எனக்குப் பிடித்த வழி. மேலே பச்சை மூடியிருந்தால் மீனுக்கே ஒரு தைரியம் வருகிறது, வெளியே ஆள் நடமாட்டம் அதன் கண்ணில் படுவதில்லை, வேகமெடுத்து எகிறவும் இடமில்லை. ஆனால் ஃபில்டர் தண்ணீர் செடிகளை எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும். மறு மூலை திறந்தே கிடக்கும். அப்படியே முழுக்க மூடினாலும் அடியில் நட்ட செடிக்கு வெளிச்சம் போகாது, வாராவாரம் அள்ளி வெளியே போட வேண்டும். துணைக்கு நல்லது. இதை மட்டும் நம்ப முடியாது.

கண்ணாடி மூடி? குளிர் ஊரில் சரி. சென்னையில் மே மாதம் நான் கண்ணாடியைப் போட மாட்டேன். தொட்டி குளிர்வதே தண்ணீர் ஆவியாவதால்தான். ஒரு லிட்டர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம், 100 லிட்டர் தண்ணீரை ஐந்தரை டிகிரி இறக்கப் போதுமானது. அறை வெப்பம் திரும்ப உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நமக்கு முழுதாகக் கிடைக்காது. ஆனாலும் ஃபேன் காற்று மேலே பட்டால் இரண்டு மூன்று டிகிரி குறைவதைத் தெர்மாமீட்டரிலேயே பார்க்கலாம். கண்ணாடியால் மூடினால் அதுவும் போச்சு. அப்புறம் போர் தண்ணீர் விடுகிறவர்களுக்குக் கண்ணாடியின் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். வெளிச்சம் மங்கும், வினிகர் போட்டுத் தேய்க்க வேண்டும்.

அக்ரிலிக் ஷீட் பார்க்க அழகு, எடை குறைவு. ஆனால் அடிப்பக்கம் ஈரத்தை இழுத்துக்கொண்டு விரியும், மேல்பக்கம் காய்ந்தே இருக்கும். அதனால் நடுவில் தொய்ந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரத்தில் ஒரு மீன் போகிற அளவுக்கு வழி கிடைத்துவிடும். அதற்கு மூடியே இல்லாமல் இருக்கலாம்.

ஆக மிச்சம் இருப்பது வலை. காற்று போகும், வெளிச்சம் போகும், மீன் போகாது. ரெடிமேடாகத் தேடினால் நம் தொட்டி அளவுக்குக் கிடைப்பது கஷ்டம். அப்போதுதான் அடுக்ககத்தில் யாரோ ஜன்னலுக்குக் கொசுவலை போட ஆள் கூப்பிட்டிருந்தார்கள். கீழே பார்க்கிங்கில் அலுமினியத்தை அறுத்துக்கொண்டிருந்த பையனிடம் போய்க் கேட்டேன்.

"தம்பி, மீன் தொட்டிக்கு மேல வைக்கிற மாதிரி ஒரு ஃப்ரேம் செஞ்சு தர முடியுமா?"

"மீன் தொட்டிக்கா? கொசு உள்ள போகாம இருக்கவாக்கா?"

"இல்லப்பா, மீன் வெளிய வராம இருக்க."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "அளவு குடுங்க" என்றான். பிறகு அவனே மேலே வந்து தொட்டியைப் பார்த்தான். அவன் கொண்டுவந்தது ஜன்னலுக்குப் போடும் கறுப்பு ஃபைபர் வலை. அதை விளக்குக்கு அடியில் பிடித்துக் காட்டினேன். தொட்டிக்குள் அந்தி சாய்ந்த மாதிரி ஆகிவிட்டது. செடி வளர்க்கிறவர்களுக்கு அது ஆகாது. தகரக் கம்பி வலையும் வேண்டாம். ஈரத்தில் அதன் துத்தநாகப் பூச்சு அரிக்கும், சொட்டுகிற தண்ணீரோடு துத்தநாகம் உள்ளே போகும். மீனுக்கும் இறாலுக்கும் அது விஷம். கடைசியில் காசிமேட்டில் வலைக் கடையிலிருந்து நிறமில்லாத நைலான் வலை வாங்கி வந்தேன். கண் 3 மில்லிமீட்டர். பெரிய கண் வலையில் வெளிச்சம் இன்னும் நன்றாக வரும், ஆனால் ஜீப்ராக் குஞ்சு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். பெரிய மீன் மட்டும் வைத்திருப்பவர்கள் 6 மில்லிமீட்டர் வரைக்கும் போகலாம். உங்கள் தொட்டியிலேயே மெலிந்த மீன் எதுவோ அதற்கு அளவெடுங்கள்.

அவன் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். நான்கு அலுமினியச் சட்டம், நான்கு பிளாஸ்டிக் மூலை. வலையை மேலே விரித்து, சட்டத்தில் இருக்கும் பள்ளத்துக்குள் ரப்பர் பீடிங்கைச் சின்ன உருளை வைத்து அழுத்திக்கொண்டே போனான். முதலில் நீளவாட்டில் ஒரு பக்கம், அப்புறம் எதிர்ப்பக்கம். "ரொம்ப இழுத்தா சட்டம் உள்வாங்கிடும்க்கா, லூசா விட்டா நடுவுல தொங்கும்" என்றான். மூன்றடிக்கு ஒரே ஃப்ரேமாகப் போடாமல் நடுவில் பிரித்து இரண்டாகப் போடச் சொன்னதும் அவன்தான். ஒன்றரை அடி ஃப்ரேமை ஒரு கையால் தூக்கிவிடலாம், சாப்பாடு போடும்போது பாதியைத் திறந்தால் போதும். வேலையெல்லாம் முடிந்து வாங்கிக்கொண்டது 350 ரூபாய்.

ஃப்ரேமைத் தொட்டி விளிம்பின் மேல் வெறுமனே வைத்தால் நழுவும். விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே, உள்பக்கமாகச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சிலிகான் வைத்து ஒட்டினால் ஃப்ரேம் அதன் மேல் கச்சிதமாக உட்காரும். சிலிகான் வாங்கும்போது பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் வேண்டாம், மீனுக்கு ஆகாது. ஒட்டுகிற இடம் காய்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுத் தண்ணீர் ஏற்றுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பின்பக்க மூலை. தொங்கும் ஃபில்டர், ஹீட்டர் வயர், ஏர் பம்ப் டியூப் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். அதற்காக ஃப்ரேமில் ஒரு துண்டு வெட்டி விடுவோம். மற்ற இடமெல்லாம் மூடியிருக்கிறதே, இந்தக் கையகல ஓட்டையில் என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஆனால் ஜீப்ரா மீனுக்கு ஓடுகிற தண்ணீர் என்றால் உயிர். ஃபில்டர் தண்ணீர் விழுகிற இடத்தில்தான் நாள் முழுக்க எதிர்த்து நீந்தி விளையாடும். நாம் ஓட்டை விட்ட இடமும் அதுதான்! சாயங்காலம் அந்த மூலையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒன்று மாற்றி ஒன்று விழுகிற தண்ணீரில் ஏறிப் பார்க்கின்றன, இரண்டு அங்குலம் ஏறி நழுவி விழுகின்றன. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பச்சை நார் இல்லாத, சோப்பு படாத புதுசாக வாங்கி, குழாய்க்கும் வயருக்கும் கீறல் போட்டு அந்த ஓட்டையில் திணித்தேன். மொத்த ஏற்பாட்டிலும் மலிவான பொருள் அதுதான், ஆனால் அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

வலை வந்த பிறகு இன்னொரு லாபம், பல்லி விழுவதில்லை. திறந்த தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

குருணைத் தீனி வலைக் கண் வழியாகவே போய்விடுகிறது. ஃப்ளேக்ஸைக் கையால் நொறுக்கித் தூவ வேண்டும். வலையில் பாசி பிடித்தால் கழற்றிக் குழாயடியில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், சோப்பு வேண்டாம்.

வலை போட்டாலும் மீனைத் திடுக்கிட வைக்காமல் இருப்பது நல்லது. வலையில் மோதினாலும் மூக்கு அடிபடும். ராத்திரி தொட்டி விளக்கைப் படக்கென்று அணைப்பதற்குப் பதில், ஹால் லைட் எரியும்போதே தொட்டி விளக்கை அணைத்து, அரை மணி கழித்து ஹால் லைட்டை அணையுங்கள். காலையில் இதற்கு நேர்மாறாக. புது மீன் விட்ட முதல் வாரம்தான் அபாயம் அதிகம். இடம் புதுசு, ஒளியும் இடம் தெரியாது. அந்த வாரம் மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டிவிடுவது பழக்கம். தீபாவளிக்கும் அப்படித்தான். தெருவில் அணுகுண்டு வெடித்தால் தொட்டிக்குள் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் சிதறும். ஜன்னலைச் சாத்தி, தொட்டியைப் போர்வையால் மூடி, ஏர் பம்ப்பை மட்டும் ஓடவிடுங்கள்.

எல்லாம் செய்தும் மீன் தரையில் கிடந்தால்? செத்துவிட்டது என்று முறத்தில் வாரிவிடாதீர்கள். காற்றில் ஆக்சிஜன் ஏராளமாக இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாவதற்குக் காரணம், தண்ணீர் இல்லாமல் செவுள் இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வதுதான். உடம்பில் ஈரம் இருக்கும் வரை வாய்ப்பு இருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு எடுங்கள், உலர்ந்த கை மேல்பூச்சை உரித்துவிடும். ஒட்டிய தூசியைச் சுரண்ட வேண்டாம், தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாக அலசினால் போகும். நேராகக் கூட்டத்தில் விடாமல், குஞ்சு விடுகிற வலைப்பெட்டியில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே, ஏர் ஸ்டோன் பக்கத்தில் வையுங்கள். செவுள் ஒரு தடவை அசைந்தாலும் காத்திருக்கலாம். துடுப்பு கிழிந்திருந்தால் வளர்ந்துவிடும். ஃபைட்டர் என்றால் நம்பிக்கையை இன்னும் அதிகம் வைக்கலாம், அதுவும் பனையேறி மாதிரி காற்றை உறிஞ்சும் சாதிதான்.

மேல் மாடியில் அரோவானா வைத்திருக்கிற அண்ணன் என் வலையைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவருக்கு இது சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். இரண்டடி அரோவானா கீழிருந்து முட்டினால் இந்த ஃப்ரேம் சீலிங் வரைக்கும் போகும். அதற்குக் கனமான மூடி, மூலைக்கு ஒரு கிளிப், அதோடு மேலே எடை. அவர் இப்போது மரப்பலகை போட்டு நான்கு செங்கல் வைத்திருக்கிறார். பார்க்க நன்றாக இல்லை என்று அண்ணிக்குக் கோபம். பலகையில் காற்றுக்குத் துளை போடச் சொல்லியிருக்கிறேன், தண்ணீர் மாற்றும்போது செங்கலை எடுத்துவிட்டு வாளி நிரப்பப் போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். துளை போட்டுவிட்டார். வாளி விஷயத்தில் அவரை நம்ப முடியாது, அண்ணியிடமும் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.